ஒழுகினசேரி வாத்தியார்

மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாடகம் என்றால் முதலில் மேடைக்கு வருகிறவன் பபூன். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் உள்ளே அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி சேர்த்து முடித்த கையோடு நான் வந்து நிற்பேன். எதிரே இருப்பது இன்னும் சபை ஆகியிருக்காது. பாய் விரிக்க இடம் பிடிக்கும் சண்டை ஒரு பக்கம் நடக்கும். தீமிதித்துவிட்டு வந்தவர்கள் மஞ்சள் வேட்டியோடு அப்படியே சாய்ந்திருப்பார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர், மீன்குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் மொஹிங்காக் கடையைச் சுற்றி நிற்பார்கள். அந்தச் சந்தடியைச் சபையாக்கி ராஜாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவது பபூனின் பொறுப்பு. பர்மாவில் பெகுவைச் சுற்றியுள்ள தமிழ்க் கிராமங்களிலும், பழைய ரங்கூனான யாங்கோனிலும் பல ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறேன். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, 1957 ஆகஸ்ட் 30 அன்று சென்னையில் மறைந்தவர். அவர் மறைந்தபோது என் அம்மாவே சிறுமி.

நாடகக் குழுக்களில் தொழில் சொல்லிக்கொடுப்பவரை வாத்தியார் என்று அழைப்போம். நேரில் பாடம் சொன்ன வாத்தியார்களும் எனக்கு உண்டு. ஆர்மோனியத்தின் இடைவெளியில் பேச்சை எங்கே வைப்பது, குடித்துவிட்டு வந்து முன்வரிசையில் கத்துகிறவனை எப்படிச் சமாளிப்பது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முகம் எடுபட எவ்வளவு மை தீட்டுவது, இவையெல்லாம் அவர்கள் தந்தவை. அவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் யாரைச் சிரிக்கவைக்கிறோம், யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்று மேடையில் நிற்கும்போதே பார்க்கும் கண் கலைவாணரிடமிருந்து வந்தது. அதை எழுதி வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பர்மாத் தமிழர் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கிளம்பிப் போனவர்களின் கதை. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பான் குண்டு போட்டபின் மலையும் காடும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தவர்கள், 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தபின் கப்பலேறியவர்கள், சென்னையில் பர்மா பஜாரை உண்டாக்கியவர்கள், மணிப்பூர் எல்லையில் மோரேயில் கோயில் கட்டியவர்கள். அந்த அறுபதுகளில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் போனதாகச் சொல்கிறார்கள். நாங்கள் போகாதவர்களின் பிள்ளைகள். என் தாத்தா நெல் வயலில் இருந்தவர். கடை போனால் எழுந்து போகலாம், நட்ட பயிரை விட்டு எப்படிப் போவது என்று இருந்துவிட்டார். தனியார் பள்ளிக்கூடங்களையும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. நான் அங்கேதான் அ, ஆ படித்தேன். பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி, வயலில் இரண்டும், அடுப்படியில் தமிழ்.

இப்படி வளர்ந்த தமிழுக்கு ஒரு குணம் உண்டு. பாட்டிக்குப் பேசத் தெரிந்த அளவுக்கு அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்ததில் பாதி எனக்கு. என் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. கோயில் நாடகத்துக்கு வரும் கூட்டத்தில் இந்த நான்கு தலைமுறையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே ஊர்க்காரர்களான பர்மியர்களும் மோன்களும் கரேன்களும் இருப்பார்கள். மாரியம்மன் அவர்களுக்கும் அம்மன்தான். தீமிதியில் எங்களோடு இறங்கும் பர்மியர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். பபூன் சிரிக்கவைக்க வேண்டியது இந்தக் கூட்டத்தை. தமிழ்நாட்டு மேடையில் சொல்லடுக்கிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். இங்கே அப்படிப் பேசினால் முன்வரிசைப் பெரியவர்கள் இரண்டு பேர் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் மொஹிங்காக் கடைக்குப் போய்விடுவார்கள்.

கலைவாணர் என்னிடம் வந்தது குரலாக. என் தாய்மாமன் கப்பல் வேலைக்குப் போனவர். எண்பதுகளில் ஒருமுறை பினாங்கிலிருந்து அவர் கொண்டுவந்த கேசட்டுகளில் ஒன்றில் கிந்தனார் காலட்சேபம் இருந்தது. மறுபக்கத்தில் சில பழைய பாட்டுகள். வெளிநாட்டிலிருந்து எதுவும் எளிதில் உள்ளே வராத காலம் அது. வந்தது எதுவானாலும் ஊரே கேட்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் வைத்தால், வெற்றிலை இடித்துக்கொண்டு பாட்டிமார்கள் வந்து உட்காருவார்கள். படம் பார்த்தவர்கள் அவர்களில் ஓரிருவர் இருந்தார்கள், ரங்கூன் கொட்டகையில் பார்த்ததாகச் சொல்வார்கள். என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்தக் குரலுக்கு உடம்பு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

கிந்தனாரைத் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாகச் சொல்வது பழைய வழக்கம். நந்தன் சிதம்பரம் போகத் தவிப்பான். கலைவாணரின் கிந்தன் படிக்கத் தவிக்கிறான். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளை, படிப்புக்காகப் பட்டணம் போகிறான், படித்து உயர்ந்து வருகிறான். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இந்தக் காலட்சேபம் இடம்பெற்றது. படத்துக்குக் கதை எழுதியவர் அண்ணா. கிந்தன் பட்டணம் போக ஏறும் ரயிலைப் பற்றி ஒரு பாட்டு வரும். எல்லாச் சாதியாரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போவதற்காக அந்த ரயிலைப் புகழும் பாட்டு. எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாங்கோனிலிருந்து மண்டலே போகும் ரயில் பாதை எங்கள் வயலை ஒட்டியே போகிறது. மரப் பலகை இருக்கையில் பிக்கு ஒருவர், அவர் எதிரே கூடை நிறையக் கோழியோடு ஒரு கரேன் பெண், நடுவில் தலைப்பாகை கட்டிய என் தாத்தா. அந்தப் பாட்டு எங்கள் ரயிலைப் பற்றியது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படி நினைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தக் காலட்சேபத்தில் ஒரு பாடம் இருக்கிறது. நகைச்சுவை நடிகராக வரும் எவரும் அதைக் காதால் படிக்க வேண்டும். கதை சொல்லும் பாகவதராக வரும் கலைவாணர் உண்மையான பாகவதராகவே பாடுகிறார். ராகம் ராகமாக இருக்கிறது. பின்பாட்டுக்காரர்கள் உண்மையான பக்தியோடு வாங்கிப் பாடுகிறார்கள். அன்றாட வாழ்க்கையின் சாதாரணச் சொல் ஒன்று அதே ராகத்தில், அதே பக்தியோடு வந்து விழுகிறது. 'இதோ சிரிக்கப்போகிறீர்கள்' என்ற முன்னறிவிப்பு அவர் குரலில் ஓரிடத்திலும் கிடையாது. சிரிப்பை அவர் கேட்டு வாங்குவதில்லை. கேட்பவருக்குத் தானாகக் கிடைத்த மாதிரி இருக்கும்.

இதை எப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரியவைத்தது பேட்டரி. எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. லாரி பேட்டரி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் சார்ஜ் போட்டுவர வேண்டும். அடுத்த சந்தைக்குள் அது இறங்கிவிடும். இறங்க இறங்க டேப் ரிக்கார்டர் மெதுவாகச் சுற்றும், கலைவாணரின் குரல் கனத்து இழுபடும். பாட்டிமார்கள் எழுந்து போய்விடுவார்கள். நான் மட்டும் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். இழுபட்ட அந்தக் குரலில்தான் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது கேட்டது. மேடையில் நாங்கள் பெரும்பாலும் சிரிப்பு வரும் சொல்லுக்குச் சற்று முன்னால் மூச்சு வாங்குவோம். உடம்பு தானாகவே அப்படிச் செய்யும். கூட்டம் அந்த மூச்சைக் கேட்டுவிடும், தயாராகிவிடும், பாதிச் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். அவர் அதற்கு வெகு முன்னாலேயே, யாரும் கவனிக்காத ஒரு சாதாரணச் சொல்லுக்கு முன் மூச்சை எடுத்துக்கொள்கிறார். பிறகு சிரிப்பு வரும் இடத்தை நிற்காமல் கடந்து போகிறார். கேட்பவர் சிரிக்கத் தொடங்கும்போது அவர் அடுத்த வரியில் இருக்கிறார். பின்பாட்டுக்காரர்கள் அந்த வரியை வாங்கித் திருப்பிப் பாடுவது, சிரித்து முடிக்கக் கூட்டத்துக்குக் கிடைக்கும் அவகாசம். எவ்வளவு கணக்கு!

கேசட்டின் மறுபக்கத்தில் இருந்தது 1956இல் வந்த 'ராஜா ராணி' படத்துப் பாட்டு. சிரிப்பின் வகைகளைச் சொல்லி, ஒவ்வொன்றையும் சிரித்துக் காட்டுவார். மற்ற பிள்ளைகள் அதைப் போலச் சிரித்துப் பழகினார்கள். நானும் பழகினேன். கூடவே, எதிரில் இருக்கிறவர்கள் சிரிக்கும் சிரிப்பைப் பிரித்துக் கேட்க அந்தப் பாட்டு என் காதைத் திறந்துவிட்டது. இன்றுவரை மேடையில் என் காதுக்குள் ஓடுவது இந்த வேலைதான். நாற்காலி வரிசையிலிருந்து மரியாதைக்கு வரும் சிரிப்பு ஒன்று. பெண்கள் பக்கம் வாயில் முந்தானையை வைத்து அடக்கும் சிரிப்பு ஒன்று. பிள்ளைகளின் சிரிப்பு முதலில் வந்துவிடும். எனக்கு முக்கியமானது இவற்றுக்கெல்லாம் கடைசியில், அரைக்கணம் தாமதித்து வரும் சிரிப்பு. பக்கத்தில் இருப்பவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு, தனக்கு விளங்கவில்லை என்பது தெரிந்துவிடக் கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு அது. அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். அந்த மூலையில் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். அடுத்த துணுக்கு அவருக்குப் போக வேண்டும்.

கலைவாணரின் நகைச்சுவையில் இப்படி வெளியே நிற்பவர் இல்லை. அவர் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, நாடகக் கொட்டகையில். டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்தவர். ஊர் ஊராகப் போய், எழுத்தறியாத கூட்டத்தின் முன் நின்று வளர்ந்தவர். அதனால் அவருடைய தமிழ் குட்டைச் சொற்களின் தமிழ், நாஞ்சில் நாட்டு வீட்டுத் தமிழ். தென்பாண்டி வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்கும் படத்துக்கும் கொண்டுபோனதும் அதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். அடுப்படித் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பர்மியத் தமிழ்ச் சிறுவனுக்கு, கடல் கடந்து, பல பத்தாண்டுகள் கடந்து அவர் பேசியது முழுவதும் விளங்கியது. அவரைவிடப் பிந்தி வந்த பலருடைய நகைச்சுவை எனக்கு விளங்கவில்லை. அந்தந்த ஊர், அந்தந்த நாளின் செய்தி தெரிந்தால்தான் அவற்றுக்குச் சிரிக்க முடியும். சுருக்கெழுத்தில் எழுதிய கடிதம் மாதிரி அவை எனக்கு இருந்தன.

நான் போடும் துணுக்கு ஒன்றைச் சொல்கிறேன். பேரன் ஒருவன் பாட்டியை ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறான். அதிகாரி பர்மிய மொழியில் நீளமாகப் பேசுகிறார், பேரன் பாட்டியிடம் தமிழில் ஒரே ஒரு சொல் சொல்கிறான். பாட்டி ஒரு சொல் சொல்கிறாள், பேரன் அதிகாரியிடம் பர்மிய மொழியில் பெரிய பிரசங்கமே செய்கிறான். தமிழ் தெரியாத பர்மியர்களுக்கு அதிகாரி பேசுவது விளங்கும், அவர்கள் பாதி இடங்களில் சிரிப்பார்கள். பாட்டிமார்களுக்குத் தமிழ்ப் பக்கம் விளங்கும், அவர்கள் மற்றப் பாதியில் சிரிப்பார்கள். நடுவில் இருக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் சிரிப்பார்கள். கூட்டத்தின் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிரிப்பதைக் கேட்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நெடுநாள் அந்தத் துணுக்குக்கு முடிவு அமையவில்லை. எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் இடம் அதில் இல்லை.

அந்த முடிவைக் கொடுத்தவள் என் மனைவி. வீட்டில் அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நான் எதிரே உட்கார்ந்து பேரனாகவும் அதிகாரியாகவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னங்க, அந்தப் பாட்டி நாற்பது வருஷமாகச் சந்தையில் கீரை விற்கிறவள் இல்லையா? அவளுக்கு பர்மிய மொழி தெரியாதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நொய்யைத் தனியாகத் தள்ளினாள். அவ்வளவுதான், துணுக்கு முடிந்துவிட்டது. இப்போது கடைசியில் பாட்டி பேரனை விலக்கிவிட்டு, அதிகாரியின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுகிற சுத்தமான பர்மிய மொழியில் தன் வழக்கைத் தானே பேசுகிறாள். அதிகாரி எழுந்து நிற்கிறார். அந்த இடத்தில் கூட்டத்தில் ஒருவர்கூட வெளியே இருப்பதில்லை. தாமதித்து வரும் சிரிப்பு எனக்குக் கேட்பதில்லை.

பாட்டியாக அவளே நடிக்க வேண்டும் என்று கேட்டேன். எங்கள் கோயில் நாடகங்களில் பெண் வேடம் பெரும்பாலும் ஆண்களே கட்டிவந்தார்கள். வீட்டுப் பெண்ணை மேடையேற்றுவதா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு பெரியவர் என் அப்பாவிடமே வந்து பேசினார். நான் அவரிடம் போய், டி. ஏ. மதுரம் அம்மாவை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் முகம் மாறியது. அந்தத் தலைமுறையில் மதுரத்தைப் பிடிக்காதவர் யார்? 1930களில் படப்பிடிப்பில் அறிமுகமாகி, மணந்துகொண்டு, கலைவாணரும் அவரும் கணவன் மனைவியாகவே தமிழ்த் திரையின் நகைச்சுவையைச் சுமந்தார்கள். அவர்களுடைய காட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். வாதம் என்று வந்தால் எத்தனை முறை மதுரம் ஜெயிக்கிறார்! அவ்வளவு புகழ் பெற்ற நடிகர் கடைசிச் சொல்லை மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அசடு வழிந்து நிற்கிறார். விட்டுக்கொடுப்பதாகவும் காட்டிக்கொள்வதில்லை. என் மனைவி ஜெயிக்கும்போது நான் எங்கே நிற்க வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அங்கிருந்துதான் எடுத்தேன்.

கலைவாணரின் முகத்தை நான் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், விசிடி வந்த பிறகு. யாங்கோனில் ஒரு நண்பரின் வீட்டில் பழைய படம் ஒன்று போட்டார்கள். குரலை வைத்து நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். திரையில் வந்தவர் ஒல்லியான மனிதர். என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய கண். மதுரம் பேசும்போது அவர் நம்மைப் பார்ப்பதில்லை. மதுரத்தையே பார்க்கிறார். அவர் சொல்வதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவரைப் போல முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. காதால் மட்டும் படித்தவனுக்கு அந்தப் பாடம் கிடைத்திருக்க வழியில்லை. அன்றிரவு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். நண்பர் பொறுமையாகப் போட்டார்.

சிறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் கைவிட்டது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மறுவிசாரணை நடந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். அத்தனை காலமும் வழக்கையும் நாடகக் குழுவையும் தாங்கிப்பிடித்தவர்களில் மதுரம் முதன்மையானவர். பாகவதர் வெளியே வந்தபின் பழைய இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. கலைவாணர் பிடித்தார், அதற்கும் மேலே போனார். நான் திண்ணையில் கேட்டு வளர்ந்த கிந்தனார் படத்தில் வந்தது 1949. வெளியே வந்து இரண்டே வருஷம். இதை ஒரு பழைய பத்திரிகையில் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் குரலில் கசப்பு எங்காவது இருக்கிறதா என்று கேசட்டை மறுபடி எடுத்துத் தேடினேன். இல்லை. வயிற்றெரிச்சலோடு ஒருவர் அப்படிச் சிரிப்பு மூட்ட முடியாது.

நான் வாழும் நாட்டில் இதற்குத் தனிக் கனம் உண்டு. பர்மியர்களின் அன்யெய்ன் ஆட்டத்தில் நடனமாடும் பெண்ணோடு கோமாளிகளும் மேடையில் இருப்பார்கள். ஆட்டத்துக்கு நடுவே அவர்கள் ஊர் நியாயம் எல்லாம் பேசுவார்கள். நம் ஊர் நாடகத்தில் பபூனும் டான்ஸ்காரியும் மோதிக்கொள்வதற்கு நெருங்கிய உறவு அது. பெகுவில் மழைக்காலம் முடிந்ததும் வயல்வெளியில் கொட்டகை போட்டு விடிய விடிய ஆடுவார்கள். அந்தக் கோமாளிகளைப் பார்த்து நான் கற்றதும் நிறைய. அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். மண்டலேயின் மீசைச் சகோதரர்கள் குழுவைச் சேர்ந்த பா பா லேயும் லூ ஸாவும் 1996 ஜனவரி 4, சுதந்திர தினத்தன்று, யாங்கோனில் ஆங் சான் சூச்சியின் வீட்டில் நகைச்சுவை செய்ததற்காக ஏழாண்டுத் தண்டனை பெற்றார்கள். 2001இல்தான் வெளியே வந்தார்கள். வந்து, பொதுமேடை மறுக்கப்பட்ட நிலையில், மண்டலேயில் தங்கள் வீட்டையே மேடையாக்கிக்கொண்டு ஆடினார்கள். பல் மருத்துவம் படித்துவிட்டுக் கோமாளியான ஸர்கனார், 2008இல் நர்கிஸ் புயலில் அடிபட்டவர்களுக்கு உதவி கொண்டுபோனவர். அந்த வருஷமே கைதாகி, முதலில் 59 ஆண்டு, பிறகு 35 ஆண்டு என்று தண்டனை விதிக்கப்பட்டு, 2011 அக்டோபரில் விடுதலையானார். வழக்குகள் வேறு, காரணங்கள் வேறு. கலைவாணரின் வழக்கை இவற்றோடு சேர்த்துக் கட்டமாட்டேன். ஆனால் சிறையிலிருந்து வந்த சிரிப்புக்காரர்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், ஒருவருடைய கையைப் பிடித்து வணங்கியுமிருக்கிறேன். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வாத்தியாரைப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றும்.

கலைவாணரிடம் நேரில் கற்கும் பேறு பெற்றவர்கள் இருந்தார்கள். வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகத்தின் திறமையைப் பார்த்துச் சென்னைக்கு அழைத்துவந்தவர் கலைவாணர்தான். சுப்பு ஆறுமுகம் 2022இல் மறையும்வரை வில்லில் அந்த மரபை நடத்திக்கொண்டிருந்தார். அவர் தன் வாத்தியாரைப் பற்றிப் பேசும் ஒளிப்பதிவுகளைப் பார்க்கும்போது, மேலே இருந்து கீழே இறங்கி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போன ஒருவரின் வெப்பம் அதில் தெரியும். எனக்கு அது கிடைக்கவில்லையே என்று வருந்தியதில்லை. கிடைத்தது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு மனிதர் தன் வேலையை முழு மனதோடு செய்து வைத்துவிட்டுப் போனால், அதில் பாடம் படிக்க யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது. லாரி பேட்டரியில் ஓடும் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு ஒரு பையன் வருவான் என்று ஒழுகினசேரிக்காரர் நினைத்திருக்க முடியுமா?

இந்தச் சில வருஷங்களாக எங்கள் நாட்டில் இரவு நாடகம் போடுவது எளிதாக இல்லை. எங்கள் குழுவிலிருந்து இளைஞர்கள் பலர் வெளியே போய்விட்டார்கள். சிலர் தாய்லாந்தில் மே சோட் பக்கம், சிலர் பினாங்கில், ஒருவன் சென்னையில் ஹோட்டல் வேலையில் இருக்கிறான். ஆர்மோனியக்காரர் இருக்கிறார், அவருக்கு வயதாகிவிட்டது. அதனால் நானும் மனைவியும் துணுக்குகளைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து அனுப்பத் தொடங்கினோம். முகம் இல்லை, வேடம் இல்லை, குரல் மட்டும். மின்சாரம் வரும் நேரம் பார்த்து, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் போர்வையைக் கதவில் தொங்கவிட்டுப் பதிவு செய்கிறோம். சிரிப்புக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் இதில் கடினம். கூட்டத்தின் சத்தம் கேட்காது, எதிரே ஆள் இல்லை. நான் கலைவாணரின் பின்பாட்டு வழியைத்தான் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் மனைவி என் வரியை வாங்கி அப்படியே திருப்பிச் சொல்கிறாள். கேட்கிறவர்கள் அந்த நேரத்தில் சிரித்துக்கொள்ளலாம். மே சோட்டில் தொழிற்சாலை விடுதியில் இருக்கும் பிள்ளைகள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து கேட்பதாகச் சொன்னார்கள். கூட இருக்கும் பர்மியப் பிள்ளைகளுக்கும் கீரை விற்கும் பாட்டியைத் தெரியுமாம்.

இப்போது ஒரு காலட்சேபம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வயல் பக்கத்துப் பையன் ஒருவன் பஸ் ஏறி, படகு ஏறி, எல்லை தாண்டி வேலைக்குப் போகிற கதை. ராகமாலிகையாகப் பாடி முடிக்கும்படி அமைத்திருக்கிறேன். அவன் அம்மா கட்டிக்கொடுக்கும் பாலச்சோங் என்னும் காய்ந்த இறால் வறுவல் டப்பாவைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. அதில் அம்மாவுக்கு நான் எழுதிய நான்கு வரியில் இரண்டு வரி போதும், மற்ற இரண்டில் அவள் அழுகிறாள், அழுதால் பையன் கிளம்பமாட்டான் என்கிறாள் என் மனைவி. அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். ஆடி மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும். பின்பாட்டுக்கு இன்னும் இரண்டு குரல் தேவை. தமிழ் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, சுருதியோடு பாடத் தெரிந்தால் போதும். எங்கள் தெருவில் ஒரு மோன் பெண் நன்றாகப் பாடுகிறாள், அவளைக் கேட்டிருக்கிறோம். முதலில் அவளுக்குக் கிந்தனாரைப் போட்டுக் காட்டப்போகிறேன்.